பாக்கு நீரிணையின் கடற்புல்: மீனவர் அறிவும் ஆய்வின் வரலாறும்

கடற்புல்லைப் பாசி என்று நினைப்பவர்கள் உண்டு. அது பாசி அல்ல. வேர், கிழங்குத் தண்டு, இலை, பூ, காய், விதை என்று எல்லாம் உள்ள பூக்கும் தாவரம் அது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பிப்போன சில செடிக் குடும்பங்களின் வழித்தோன்றல். உலகெங்கும் ஏறத்தாழ 70 இனங்களே உள்ளன. அவற்றில் பதினான்கு வரை பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வளர்கின்றன. இந்தியாவின் பெருநிலக் கரையில் வேறெங்கும் இவ்வளவு செழிப்பைக் காண்பது அரிது. காரணம் எளிது. கடற்புல்லுக்கு வெயில் வேண்டும். பாக்கு நீரிணையின் பெரும்பகுதி பத்து மீட்டருக்குக் குறைந்த ஆழம். தெற்கே இராமேசுவரம் தீவும் ஆதாம் பாலத்து மணல் திட்டுகளும் பெருங்கடலின் அலையைத் தடுத்துவிடுகின்றன. அடித்தரை மணலும் சேறும் கலந்தது. கலங்காத காலத்தில் ஒளி அடிவரை இறங்கும்.

இந்த இனங்களில் மிக உயரமானது என்ஹாலஸ். நாடா போன்ற அதன் இலை ஒரு மீட்டருக்கும் மேல் நீளும். கடல் வற்றி நிற்கும் நாட்களில் அதன் ஆண் பூக்கள் காம்பை விட்டுப் பிரிந்து நீர்மேல் மிதந்து பெண் பூவைச் சேர்கின்றன. மிகச் சிறியது ஹாலோஃபிலா; கட்டைவிரல் நகத்தளவு இலைகள், தரையோடு படர்வது. இவ்விரண்டுக்கும் நடுவில் ஊசி போன்றவை, பட்டையானவை, விளிம்பு ரம்பம் போன்றவை என்று பல வகை. இலைக்கடியில் ஓரா மீன், விளமீன், கிளிமீன் ஆகியவற்றின் குஞ்சுகள் ஒதுங்குகின்றன. நண்டு, இறால், கணவாய், கடல் குதிரை, கடலட்டை, சங்கு எல்லாம் அங்கேயே இரை தேடுகின்றன. சிறுதொழில் மீனவரின் அன்றாட வருமானம் பெரும்பாலும் இந்தத் தரையிலிருந்தே வருகிறது. நண்டு வலையை எங்கே விடுவது என்று தீர்மானிப்பவர், அங்கே எந்தப் புல் இருக்கிறது என்பதைத் தெரிந்தே விடுகிறார்.

இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர்க் கரைகளில் தாழை என்றும் கடற்புல் என்றும் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் தீவுப்பகுதியிலும் கரையொதுங்கும் புல்லைச் சாதாளை என்பார்கள். அதை அள்ளிக் காயவைத்துத் தோட்டங்களுக்குப் பசளையாகப் போடுவது அங்கே பழைய வழக்கம். இரு கரைகளிலும் இந்தப் புல்வெளியோடு வாழ்ந்தவர்கள் பரதவர், கரையார், முக்குவர், கடையர், திமிலர், கீழக்கரை போன்ற ஊர்களின் முஸ்லிம் மூழ்குநர்கள் எனப் பலர். தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் பரதவரோ முக்குவரோ இல்லை. ஆனால் ஒரு நிலத்தோடு, ஒரு கடலோடு தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்ட அறிவைக் குறித்துப் பேசும்போது, அரசுப் பட்டியலைக் கொண்டு மட்டும் எல்லை வகுப்பது சரியல்ல. உலகின் பல பகுதிகளில் தொல்குடிகளோடு சேர்ந்து கடற்புல் ஆய்வு நடக்கும் இக்காலத்தில், தமிழ்க் கடலில் அந்த உறவு எப்படித் தொடங்கியது, எங்கே அறுந்தது, எப்படி மீண்டும் கட்டப்படுகிறது என்பதே இங்கே பார்க்க வேண்டியது.

எழுத்தில் முதலில் வந்தது புல் அல்ல, அதை மேயும் ஆவுளியா. கடற்பசு என்றும் கடற்பன்றி என்றும் பெயர் கொண்ட இந்தப் பாலூட்டி மூன்று மீட்டர் வரை வளரும்; நாளொன்றுக்கு 30, 40 கிலோ கடற்புல் தின்னும். இலங்கையைச் சூழ்ந்த கடலில் பெண்ணுருவ உயிர்கள் உண்டு என்று ரோமானியப் பேரரசுக் காலத்து எழுத்தாளர் ஏலியன் எழுதிவைத்தார். 1560இல் மன்னார்த் தீவருகே மீனவர் வலையில் ஏழு கடல் மனிதர்கள் சிக்கியதாகவும், கோவா ஆளுநரின் மருத்துவர் அவற்றை அறுத்து ஆராய்ந்ததாகவும் யேசு சபையினரின் குறிப்பு ஒன்று உண்டு. இக்கதைகளைத் தொகுத்துத் தந்த எமர்சன் டென்னன்ட், 1861இல் வெளிவந்த தம் இலங்கை இயற்கை வரலாற்று நூலில், அவை ஆவுளியாவைப் பார்த்து எழுந்தவையே என்று விளக்கினார். மன்னார் மீனவருக்கு இந்த விளக்கம் தேவைப்பட்டிருக்காது. அந்த விலங்கு என்ன தின்கிறது, எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் வருகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த செய்தி.

தாவரவியலின் வருகையும் கிட்டத்தட்ட இப்படித்தான். தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவரான கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழகத்திலும் இலங்கையிலும் செடிகள் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அதே காலத்தில், 1782இல், லின்னேயஸின் மகனான இளைய லின்னேயஸ் என்ஹாலஸுக்கு முதல் அறிவியல் பெயரை இட்டார். அடுத்த நூற்றாண்டின் இறுதியில் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடல் உயிர்கள் பற்றி எழுதினார். 1903க்கும் 1906க்கும் இடையில் ஹெர்ட்மனும் ஜேம்ஸ் ஹார்னெலும் இலங்கை முத்துச்சிப்பிப் பார்களைப் பற்றிய பெரிய அறிக்கையை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார்கள். மூழ்குநர் காட்டிய பார்கள்தான் இத்தகைய அறிக்கைகளின் வரைபடங்களில் ஏறின. அடியில் மணலா, கல்லா, புல்லா என்று கீழே போய்ப் பார்த்துச் சொன்னவர்களும் அவர்களே. ஆனால் மாதிரிகளுக்கு எண் இட்ட அளவுக்கு, அவற்றைக் கொண்டுவந்தவர்களின் அறிவுக்கு அந்தக் காலத்து ஆய்வில் இடம் தரப்படவில்லை. காலனி ஆட்சிக்கு வேண்டியது முத்தும் சங்கும். புல் அதற்கு வருமானம் தராத பொருள்.

மண்டபத்தில்தான் அடுத்த திருப்பம். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த முகாம் அங்கே இருந்தது. அந்த முகாமுக்கும் முந்திய காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், தொழிலாளர்கள் பாய்மரத் தோணிகளில் இந்த ஆழமற்ற கடலைக் கடந்து மன்னாரில் இறங்கினார்கள். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து இலங்கையின் நடுப்பகுதியிலுள்ள மாத்தளைக்கு வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் மாண்டவர்கள் ஏராளம். மாத்தளை மாவட்டத்துத் தமிழரில் பலரின் முன்னோர் இப்படி வந்தவர்களே. அம்மாவட்டத்தின் பல்லேபொல போன்ற உள்நாட்டு ஊர்களில் நின்று பார்த்தால் கடல் வெகு தொலைவு. ஆனால் பாக்கு நீரிணை அந்த மாவட்டத்தின் வரலாற்றுக்கு அந்நியமான கடல் அல்ல.

1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949 முதல் 1971 வரை இதே மண்டபம் முகாமைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. பாக்கு நீரிணையும் மன்னார் வளைகுடாவும் இரு பக்கமும் கைக்கெட்டும் இடம் அது. 1959இல் ஓர் இணை ஆவுளியா இங்கே தொட்டியில் வளர்க்கப்பட்டது. பிடிபட்ட ஆவுளியா பல ஆண்டுகள் உயிரோடிருந்தது அரிய நிகழ்வு. அது சாத்தியமானதற்குக் காரணம் அருகிலேயே கிடைத்த கடற்புல். எந்தப் புல்லை விலங்கு விரும்பித் தின்கிறது, எதை ஒதுக்குகிறது என்பதெல்லாம் இந்தத் தொட்டியருகே அறிவியல் குறிப்பாயிற்று. 1970இல் டச்சு அறிஞர் டென் ஹார்ட்டாக் உலகக் கடற்புல் இனங்களைப் பற்றிய முழுநூலை வெளியிட்டபின், இனங்களை அடையாளம் காணும் வேலைக்கு உறுதியான அடித்தளம் கிடைத்தது.

அதே ஆண்டுகளில்தான் புல்வெளிக்குப் பெரிய சேதமும் தொடங்கியது. இந்திய நார்வே மீன்வளத் திட்டம் 1960களில் மண்டபத்துக்கும் வந்தது. இழுவை மடி பரவியது. இறால் ஏற்றுமதி நல்ல காசு தந்ததால் விசைப்படகுகள் பெருகின. இழுவை மடி அடித்தரையைச் சுரண்டிக்கொண்டு போகும். கடற்புல்லின் கிழங்குத் தண்டு ஒருமுறை பிய்ந்தால் அது மீண்டு படர ஆண்டுகள் ஆகும். சேறு கிளம்பி நீர் கலங்கினால், பிய்யாத புல்லும் வெயிலின்றி வாடும். இதை முதலில் கண்டு எதிர்த்தவர்கள் நாட்டுப்படகுக்காரர்கள். 1970களில் மோதல்கள் முற்றியபின், பாக்கு நீரிணைக் கரையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகும் நான்கு நாள் நாட்டுப்படகும் கடலுக்குப் போவது என்ற முறை வந்தது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் நிறைவேறி, கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரையுள்ள நீரை விசைப்படகுகளுக்கு மூடியது. புல் மிகுதியாக வளர்வது அந்த மூன்று மைலுக்குள்தான். சட்டம் ஏட்டில் இருந்த அளவுக்குக் கடலில் இல்லை என்பதைக் கரையோர ஊர்களில் யாரும் மறுக்கமாட்டார்கள்.

பாதுகாப்புச் சட்டங்களும் இக்காலத்தவையே. ஆவுளியா 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. அதுவரை கீழக்கரைப் பகுதியில் அதற்கென்றே வலை விட்டுப் பிடித்து இறைச்சி விற்பது உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. இந்த அறிவிப்புகளால் உயிர்கள் பிழைத்தன என்பது உண்மை. தீவோரங்களில் பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் ஒரே நாளில் குற்றவாளிகளாகிப்போனார்கள் என்பதும் அதே அளவு உண்மை. சின்னப்பாலம், பாரதிநகர் போன்ற ஊர்களின் பெண்கள் சங்கமாகக் கூடி, மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே பாசி எடுப்பது, இரும்புக் கருவியால் சுரண்டாமல் கையால் பறிப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. கடலைக் காக்கும் விதியை அரசுதான் எழுத வேண்டும் என்பதில்லை. அதன் மேல் வாழ்பவர்களும் எழுத முடியும் என்பதற்கு இது போதிய சான்று.

இத்தனைக்குப் பிறகே, கடற்புல்லைப் பற்றி மீனவர்கள் என்ன அறிவார்கள் என்ற கேள்வி முறையான ஆய்வாக உருவெடுத்தது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நியூமாஸ்டர் குழுவினர், தமிழ்த் தாவரவியலாளர் சுப்பிரமணியம் ரகுபதி உள்ளிட்ட இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து, கிழக்குக் கரையின் 40 ஊர்களில் மக்களிடம் பேசிச் சேகரித்ததை 2011இல் வெளியிட்டார்கள். அதன் முடிவு வியப்புக்குரியது. தாவரவியல் நூல் பத்து இனங்கள் என்று எண்ணிய இடத்தில், மீனவர்கள் ஐம்பது வகைகளைப் பிரித்துப் பெயர் சொன்னார்கள். இது வெறும் பெயர்ப் பெருக்கம் அல்ல. ஒரே இனத்தின் செடி சேற்றில் வளர்ந்தால் ஒரு தோற்றம், மணலில் வளர்ந்தால் வேறு. ஆழத்தில் நீளும், ஓரத்தில் குறுகும். ஒன்றில் நண்டு தங்கும், மற்றொன்றில் மீன்குஞ்சு. தாவரவியலாளர் பூவையும் இலை நரம்பையும் பார்த்துப் பிரிக்கிறார். மீனவர் அதோடு அந்தப் புல் கடலில் செய்யும் வேலையையும் சேர்த்துப் பிரிக்கிறார். கடல் எப்படி இயங்குகிறது என்று அறிய விரும்பும் சூழலியலாளருக்கு இரண்டாவது பிரிவினை முதலாவதற்கு எவ்வகையிலும் குறைந்ததல்ல.

பயன்களின் பட்டியலும் நீளம். இதய நோய்க்கும் கடல் மயக்கத்துக்கும் மருந்து. சத்துள்ள விதைகள் உணவு. கரையொதுங்கிய புல் உரம். வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் தீவனம். புல் செழித்த இடத்தைத் தேடிச் சில ஊர்கள் குடியிருப்பையே மாற்றிக்கொண்டதையும் அந்த ஆய்வு பதிவு செய்தது. விதையை உண்ணும் வழக்கம் தமிழ்க் கரைக்கு மட்டும் உரியதல்ல. மெக்சிகோவின் சொனோரா பாலைக் கரையில் வாழும் சேரி தொல்குடியினர், மிதந்து ஒதுங்கும் ஸாஸ்டெரா புல்லின் விதையை அரைத்துக் கூழாக்கி உண்டார்கள். அறுவடை மாதத்துக்கே அதன் பெயரைக் கொடுத்திருந்தார்கள். ஃபெல்கரும் மோசரும் 1973இல் சயின்ஸ் இதழில் இதை எழுதியபோதுதான், கடலில் விளையும் தானியம் ஒன்று உண்டு என்பது அறிவியல் உலகுக்குத் தெரிந்தது. அங்கும் இங்கும் நடந்தது ஒன்றே: மக்கள் நெடுங்காலமாக அறிந்ததை ஆய்விதழ் பிந்தி அறிந்தது.

இவ்வகை ஆய்வுகளில் பெரும் பங்கு முனைவர் பட்டம் முடித்த இளம் ஆய்வாளர்களுடையது. பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப்பணி என்பது பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தம். கடற்புல் வெளியோ வாடைக் காற்றில் ஒருவிதமாகவும் சோழகக் காற்றில் வேறுவிதமாகவும் இருக்கும். ஒரு புயலுக்குப் பின் அது மீள்வதைப் பார்க்கவே ஒப்பந்தக் காலம் போதாது. நாற்பது ஆண்டுகள் அதே நீரில் வலை விட்டவரின் நினைவு இல்லாமல், முன்பு அங்கே என்ன இருந்தது என்று அறிய வழியில்லை. செயற்கைக்கோள் படங்களும் அதை முழுதாகக் காட்டா. ஆகையால் மீனவரோடு சேர்ந்து செய்வது பெருந்தன்மையால் வந்த வழக்கம் அல்ல. ஆய்வுக்கு வேண்டிய தரவே அங்கேதான் இருக்கிறது. அப்படியிருக்க, படகோட்டியாகவும் வழிகாட்டியாகவும் கூலிக்கு அமர்த்தப்பட்டவரின் பெயர் கட்டுரையின் நன்றியுரையில் ஒரு வரியோடு நின்றுவிடுவது நேர்மையல்ல.

மாற்றம் வந்திருக்கிறது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் மன்னார் வளைகுடாவில் அழிந்த இடங்களில் புல்லை மறுநடவு செய்துவருகிறது. தஞ்சாவூர் மாவட்டத்து வெளிவயலிலிருந்து இயங்கும் ஓம்கார் அமைப்பு, மூங்கில் சட்டமும் தேங்காய் நார்க் கயிறும் கொண்டு உள்ளூர் மீனவர்களோடு சேர்ந்து நடுகிறது. நடப்படும் தண்டு வேர்பிடிக்கும்வரை கயிறு அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கயிறும் மூங்கிலும் மட்கிப்போகும். டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் 2016இல் தொடங்கிய ஆவுளியா மீட்புத் திட்டத்தில், கடலில் விலங்கைக் கண்டால் செய்தி சொல்லும் தன்னார்வலர்களாக மீனவர்கள் சேர்ந்தார்கள். வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விடுவித்தவர்களுக்கு வனத்துறை பரிசு தருகிறது. முன்பு இறைச்சியாகியிருக்கும் விலங்கு இன்று கடலுக்குத் திரும்புகிறது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதல் ஆவுளியாப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பூங்கா வேலியிட்டதுபோல் அல்லாமல், மீன்பிடிப்பைத் தடுக்காத காப்பகமாக அதை அமைத்தது முன்னைய அனுபவத்திலிருந்து கிடைத்த தெளிவு.

இலங்கைப் பக்கத்தில் கதை வேறு. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974, 1976 ஒப்பந்தங்கள் கடலில் எல்லைக்கோடு இட்டன. புல்வெளி இரு பக்கமும் விரிந்து கிடந்தது. 1983 முதல் 2009 வரை போர். மீனவர் கடலுக்குப் போவதே பாஸ் பெற்றுத்தான் என்றிருந்த காலத்தில், வடக்கில் களஆய்வு நடத்துவது எளிதாக இருக்கவில்லை. போர் முடிந்து திரும்பியவர்கள் கண்டது எல்லை தாண்டி வரும் இழுவைப்படகுகளை. 2017இல் இலங்கை இழுவை மடியை முற்றிலும் தடைசெய்தது. மன்னாருக்குத் தெற்கேயுள்ள வங்காலை 2008இல் சரணாலயமாகவும் 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் கடற்புல் வெளியும் அடங்கும். 2015இல் தொடங்கிய பன்னாட்டு ஆவுளியா, கடற்புல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்த எட்டு நாடுகளில் இலங்கையும் ஒன்று. அத்திட்டத்தின் வழியே மன்னார் வளைகுடா, பாக்கு நீரிணைப் பகுதிகளில் மீனவர்களோடு சேர்ந்து கணக்கெடுப்பும் மாற்றுத் தொழில் முயற்சியும் நடந்தன. இப்போது யாழ்ப்பாணக் கடல்நீரேரியிலும் பூநகரிப் பக்கத்திலும் புல்தரையை அடைத்துக் கடலட்டைப் பண்ணைகள் அமைக்கப்படுகின்றன. சிலருக்கு அது வருமானம். வழக்கமாக அங்கே வலை விட்டவர்களுக்கு வழி அடைப்பு. புல்லை யார் அறிவார் என்ற கேள்வி, கடலடி யாருடையது என்ற கேள்வியோடு இங்கே பின்னிக்கிடக்கிறது.

இன்னும் தெற்கே புத்தளம் கடல்நீரேரி. அதில் விழும் கலா ஓயாவின் படுகை மாத்தளை மாவட்டத்தின் வடபகுதி வரை நீள்கிறது. 1976 முதல் பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி நீர், உக்குவலை சுரங்கம் வழியாகச் சுதுகங்கையில் சேர்ந்து, போவத்தென்னை நீர்த்தேக்கத்திலிருந்து கலா ஓயாவின் கலாவெவக் குளத்துக்குப் போகிறது. மலையில் மண் அரித்தால், வயலில் உரம் மிகுந்தால், ஆற்றோடு போய் அது ஒருநாள் கடற்புல்லின் இலைமேல் படியும். மாத்தளையில் பயிர் செய்பவரும் கற்பிட்டியில் இறால் பிடிப்பவரும் ஒரே நீரின் இரு முனையில் இருக்கிறார்கள்.

கிழக்குக் கரையில், மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடையே வாகரை, பனிச்சங்கேணிப் பகுதிகளில் கரையோர வேடர்கள் வாழ்கிறார்கள். வரலாற்றுப்படி தொல்குடி என்ற சொல்லுக்கு ஐயமின்றி உரியவர்கள், தமிழ் பேசுபவர்கள், கடலிலும் களப்பிலும் மீன் பிடித்து வாழ்பவர்கள். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் அவர்களுக்கு ஓர் அத்தியாயமே உண்டு. களப்பில் மீன் எங்கே ஒதுங்கும் என்று அறிந்த அவர்களின் அறிவு, கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில், 2011 வெப்ப அலையில் பெரும் பரப்புக் கடற்புல் அழிந்தபின், மல்கானா தொல்குடிக் காவலர்களும் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து மறுநடவு செய்தார்கள். எங்கே நடுவது என்பதை அங்கே இரு தரப்பும் கூடியே முடிவு செய்கின்றன. பாக்கு நீரிணைக்கும் அதுவே பொருந்தும். முதலில் செய்ய வேண்டியது பெரிய செலவில்லாதது: தூத்துக்குடி, மண்டபம், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆகிய இடங்களின் கல்வி நிறுவனங்கள், மீனவர் வழங்கும் கடற்புல் பெயர்களையும் ஒவ்வொரு வகையின் தரை, பருவம், அதில் தங்கும் மீன் பற்றிய செய்திகளையும் தமிழில் ஒரே கையேடாகத் தொகுக்க வேண்டும். சொன்னவர்களின் பெயர் அதன் முகப்பில் ஆசிரியர் பெயராகவே வர வேண்டும். நாற்பது ஊர்களில் ஐம்பது வகை சொன்ன தலைமுறைக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. அவர்களின் பிள்ளைகள் பலர் கடலை விட்டுவிட்டார்கள். இந்தப் பணியை அடுத்த பத்தாண்டுக்குத் தள்ளிப்போடக் கூடாது.